இரைக்குப் போன மாப்பிள்ளை

ஆளை ஃபெயிலாக்குவதில் ஒரு சுகம் இருக்கிறது. யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை, அவ்வளவுதான். நம் அதிகாரிக்கு அது இருபத்தாறு வருடப் பழக்கம். டிரைவிங் லைசென்ஸுக்கு டெஸ்ட் எடுக்கிறவர். பக்கத்து சீட்டில் அட்டையும் பேனாவுமாக உட்கார்ந்துகொண்டு, வண்டி எப்படிப் போகிறது என்று பார்க்கவே மாட்டார். ஓட்டுகிறவர் தலையைத்தான் பார்ப்பார். கண்ணாடியைப் பார்த்தாரா, வளைவதற்கு முன் தோளுக்கு மேல் திரும்பினாரா, ரிவர்ஸ் எடுக்கும்போது முழுசாகப் பின்னால் பார்த்தாரா. இல்லையென்றால் தீர்ந்தது. “தலை திரும்பவில்லை” என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு, “இறங்குங்க” என்பார். ஒரு நர்ஸ் நாலாவது தடவையாகத் தோற்று, ஸ்டீயரிங்கிலேயே முகத்தைச் சாய்த்து அழுதபோது, “ஹாரன் அடிக்குது, தலையை எடுங்க” என்றாராம். ஆபீஸில் இன்றைக்கும் இதைச் சொல்லிச் சிரிக்கிறார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இதில் கூத்து என்னவென்றால், அவருடைய கழுத்தே திரும்பாது. எலும்புத் தேய்மானம். மூன்று வருடமாக இந்தப் பக்கம் கொஞ்சம், அந்தப் பக்கம் கொஞ்சம், அதற்கு மேல் இம்மிகூட நகராது. வெளியே தெரிந்தால் வேலையும் போகும், லைசென்ஸும் போகும் என்பதால் மூச்சு விடவில்லை. தெரிந்தவர்கள் இரண்டே பேர், ஒரே மகளும் அவள் புருஷனும். மனைவி போய்ச் சேர்ந்துவிட்டாள். மகள் வீட்டு கேட்டில் இரண்டு பக்கமும் கல்தூண். காருக்கும் தூணுக்கும் நடுவே ஒரு கை நுழையலாம். உள்ளே போகும்போது நேராகப் போய்விடுவார். வெளியே வரும்போது ரிவர்ஸில்தான் வரவேண்டும். மாப்பிள்ளை தெருவில் இறங்கி நின்று, “வரலாம் மாமா... வரலாம்... லேசா ரைட்ல ஒடிங்க... போதும், இப்ப நேரா” என்று சொல்லச் சொல்ல, இவர் அந்தக் குரலைக் கேட்டே வண்டியை எடுப்பார். மூன்று வருடத்தில் ஒரு கீறல் விழுந்ததில்லை.

கழுத்து திரும்பாத மனுஷனுக்கு வானம் கிடைத்தால் விடுவாரா? ஞாயிறு காலை பத்து மணிக்கு அவர் போர் விமானி. கம்ப்யூட்டரில் ஜெட் ஓட்டும் விளையாட்டு. விளையாட்டு என்று அவர் காதுபட யாராவது சொன்னால் கோபம் வரும். தலையில் ஒரு தொப்பி, தொப்பியில் ஒரு கிளிப், திரைக்கு மேலே அதைக் கவனிக்கும் சின்னக் கேமரா. இவர் தலையைக் கட்டைவிரல் அகலம் அசைத்தால் போதும், திரைக்குள் இருக்கும் விமானி வால் வரைக்கும் திரும்பிப் பார்ப்பான். நிஜத்தில் போன கழுத்து அங்கே ஆந்தைக் கழுத்தாக வேலை செய்தது.

அவருடைய படையில் நாலு பேர். ஒன்று அவர், தலைவர். இரண்டு மாப்பிள்ளை. மூன்று ஒரு கணக்கு டீச்சர். நாலு ஒரு மாட்டு டாக்டர். அவரவர் வீட்டிலிருந்து ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு சேர்வார்கள். பறந்து முடித்ததும் பதிவான டேப்பைப் போட்டுப் பார்ப்பார்கள். அதுதான் தலைவருக்குப் பிடித்த பகுதி. யார் எங்கே தப்பு செய்தாரோ அங்கே நிறுத்துவார். திரைக்குள் அவர்களுடைய விமானியின் தலை எந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தது என்பதுகூட டேப்பில் பதிவாகும். “எதிரி இடது பக்கம், உங்க தலை எங்க இருக்கு டாக்டர்? மாட்டுக்கு ஊசி போடுறப்பவும் இப்படித்தான் வேடிக்கை பாப்பீங்களா?” என்று போன மாதம் கேட்டார். சாக்குச் சொல்லக் கூடாது. “என் தப்பு” என்று மட்டும் சொல்லவேண்டும். அது அவர் போட்ட சட்டம். டேப்பைப் போடுகிறவரும் அவரே என்பதால், தன் இருக்கையை மட்டும் காட்டியதே இல்லை. மாமியார் உடைத்தால் மண்குடம்.

இன்னொரு சட்டமும் போட்டிருந்தார். சுடப்படாமல் தொடர்ந்து ஐம்பது முறை தரையிறங்கினால், தலைவர் இடம் அந்த ஆளுக்கு. இதை எழுதியபோது அவருடைய தரையிறங்கல் கணக்கு ஐம்பத்திரண்டில் இருந்தது. வேறு யாரும் இருபதைத் தாண்டமாட்டார்கள் என்று தெரியும். ஏனென்றால் யார் இருபதை நெருங்கினாலும் அவரை இரைக்கு அனுப்புவார்.

இரை என்பது இதுதான். ஒரு விமானம் எதிரிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஓடும். எதிரி ஆசைப்பட்டுத் துரத்துவான். மலைக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் தலைவர் வெளியே வந்து எதிரியைப் பின்னாலிருந்து அடிப்பார். இரையாகப் போகிறவர் தரையை ஒட்டி, மலை இடுக்கில் முழு வேகத்தில் போகவேண்டும். திரும்பிப் பார்த்தால் பாறையில் மோதவேண்டியதுதான். சூட்டை மோப்பம் பிடித்து வரும் ஏவுகணை எச்சரிக்கையும் கொடுக்காது. அது கிளம்பியதைப் பார்த்து, “ஒடி!” என்று தலைவர் கத்தவேண்டும். அந்த நொடியில் விமானத்தை ஒடித்து வளைத்தால் உயிர். ஆக, இரையின் கண் தலைவருடைய முகத்தில் இருக்கிறது. இவ்வளவு நம்பிக்கை வேறு எங்கே கேட்பார்கள்?

மாப்பிள்ளையை இருபதிலும் அனுப்பினார், முப்பதிலும் அனுப்பினார், நாற்பதிலும் அனுப்பினார். பயல் செத்தால்தானே. அவன் லிஃப்ட் மெக்கானிக். இருட்டுக் குழியில், தலைக்கு மேல் எட்டு மாடி தொங்க, மேலே நிற்கிறவன் சொல்லும் ஒரு சொல்லை நம்பி வேலை செய்து பழகியவன். நேராகப் போ என்றால் நேராகப் போவான். ஒடி என்றால் ஒடிப்பான். லிஃப்ட் நின்றால் ஊரே அவனைத் திட்டும், ஓடுகிற நாளில் ஒருத்தரும் நினைக்கமாட்டார்கள். அவன் வாழ்க்கையில் எண்ணிக்கை ஏறிக்கொண்டே போனது இந்த ஒரு விஷயத்தில்தான். கம்பெனி கொடுத்த காலண்டரில் ஒவ்வொரு ஞாயிறும் மகள் வட்டம் போட்டு நம்பர் எழுதுவாள். நாற்பத்தொன்பது வட்டம் ஆகியிருந்தது.

“அப்பா, இந்த வாரம் உங்க கம்ப்யூட்டரைத் தூக்கிட்டு நம்ம வீட்டுக்கே வந்துடுங்க. ரெண்டு பேரும் ஒரே ரூம்ல பறங்க. முடிச்சதும் எல்லாரும் சேந்து சாப்பிடலாம்” என்று அவள் போனில் சொன்னாள். குரலில் அவ்வளவு சந்தோஷம். “சரிம்மா” என்றார். போனை வைத்துவிட்டுத் தன் நாற்காலியைப் பார்த்தார். சாதாரண சுழல் நாற்காலிதான், கைப்பிடியில் நுரை பிதுங்கியிருந்தது. எட்டு வருடமாக மூன்று பேர் அவர் சொன்னதைக் கேட்டு இடதும் வலதும் போயிருக்கிறார்கள். ஓய்வு பெற இன்னும் ஒன்றரை வருடம். அதற்குப் பிறகு அவர் சொல்லி யார் எங்கே திரும்புவார்கள்?

ஞாயிறு காலை மாப்பிள்ளை வாசலுக்கே வந்து பெட்டியை வாங்கிக்கொண்டான்.

“வாங்க மாமா. குடுங்க, நான் தூக்கறேன். உங்க கழுத்துக்கு ஆகாது.”

“இருக்கட்டும் மாப்பிள்ளை. நீங்க இன்னிக்குக் கதாநாயகன்.”

வீட்டில் இப்படி ‘மாப்பிள்ளை, நீங்க, வாங்க’. ஹெட்செட்டை மாட்டினால், “ரெண்டு, கம்முனு நேரா போடா!” இதைச் சொல்லிக் காட்டி மகள் எத்தனையோ தடவை சிரித்திருக்கிறாள். மாப்பிள்ளையும் சிரிப்பான். அதையெல்லாம் மனசில் வைத்துக்கொள்கிற ஜாதி இல்லை அவன்.

சின்ன அறை. இரண்டு மேஜையை எதிரெதிர்ச் சுவரில் போட்டிருந்தார்கள். இரண்டு நாற்காலியின் முதுகுக்கும் நடுவே ஒரு சாண்தான். மகள் சமையலறையில் இருந்தாள். பத்து மணிக்குக் கிளம்பினார்கள். டீச்சரும் டாக்டரும் வடக்கே இரண்டு எதிரிகளைப் பிடித்து வைத்துக்கொண்டார்கள். தெற்கே ஒருவன் மிச்சம்.

“ரெண்டு, இரைக்குப் போ” என்றார்.

“போறேன் மாமா.”

“வானத்துல மாமா இல்ல!”

“போறேன், ஒண்ணு.”

மாப்பிள்ளை முதுகைக் காட்டினான். எதிரி கவ்விக்கொண்டு பின்னால் வந்தான். எல்லாம் பாடப் புத்தகம்போல நடந்தது. தலைவர் மலையைச் சுற்றி வெளியே வந்தபோது எதிரியின் வால் அவர் மூக்குக்கு நேரே இருந்தது. அப்போதே அடித்திருக்கலாம். இன்னும் கொஞ்சம் கிட்டே போகலாம் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டார். எதிரியின் இறக்கைக்கு அடியிலிருந்து வெள்ளைப் புகையோடு ஏவுகணை பிய்த்துக்கொண்டு கிளம்பியது.

பார்த்தார். நன்றாகப் பார்த்தார். புகை போகும் பாதையோடு தலையும் மெல்லத் திரும்பியது. ‘ஒடி’ என்ற சொல் நாக்கு நுனிக்கு வந்து நின்றது. முதுகுக்குப் பின்னால் மாப்பிள்ளையின் நாற்காலி கிரீச்சென்றது, அவன் மூச்சு விடுவதுகூடக் கேட்டது. மைக்கே வேண்டாம், சும்மா வாயைத் திறந்தால் போதும். ஐம்பது, ஐம்பது, ஐம்பது என்று காதுக்குள் அடித்தது. வாயைத் திறக்கவில்லை. புகை போய்ச் சேர அரை மூச்சு இருக்கும்போது, “ஒடி! ரெண்டு, ஒடி! ஒடி!” என்று வீடு அதிரக் கத்தினார்.

மாப்பிள்ளை ஒடித்தான். என்ன பிரயோஜனம்? அவன் திரை சிவந்து, பிறகு கறுத்தது.

தலைவர் அடுத்த நொடியே எதிரியை அடித்து வீழ்த்தினார். ஆட்டம் ஜெயித்தாயிற்று.

மாப்பிள்ளை ஹெட்செட்டைக் கழற்றி மேஜையில் வைத்தான். விமானம் ஓட்டும் ஸ்டிக்கிலிருந்து கையை எடுக்க அவனுக்குக் கொஞ்ச நேரம் ஆனது. அவரும் நாற்காலியைத் திருப்பினார்.

“என்ன மாப்பிள்ளை, ஒடின்னா உடனே ஒடிக்க வேணாமா? அரை செகண்ட் தூங்கிட்டீங்களே. நான் வேற அந்தப் பக்கம் ரெண்டாவது ஆள் வர்றானான்னு பாத்துட்டு இருந்தேன், சூரியன் கண்ணுல குத்துது. பாத்த உடனே கத்திட்டேன்.”

“என் தப்புதான் மாமா” என்றான் அவன்.

மாமனார் பேசினாரே, நாக்கில் நரம்பில்லாமல் பேசுவது என்றால் அதுதான். அந்தப் பிள்ளை தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தான், எந்த விரல் மெதுவாக அசைந்தது என்று தேடுகிறவனைப்போல.

மகள் கையைத் துடைத்துக்கொண்டே ஓடிவந்தாள். முகத்தைப் பார்த்ததுமே புரிந்துவிட்டது. புருஷன் தோளில் கை வைத்தாள். “போனா போவுது. மறுபடி ஒண்ணுலேந்து வட்டம் போடறேன். காலண்டருக்கா பஞ்சம்?” என்றாள். அவன் தலையை ஆட்டினான்.

டேப் போடும் நேரம். அந்த வீட்டு இன்டர்நெட் ஆமை வேகம். அதனால் டீச்சர் தன் வீட்டிலிருந்து போட்டாள். படம் மாப்பிள்ளையின் பெரிய திரையில் ஓடியது, குரல் ஸ்பீக்கரில் வந்தது. தலைவர் ஒன்றும் கவலைப்படவில்லை. செத்தவன் இருக்கையைத்தானே காட்டுவார்கள், அதுதானே வழக்கம்?

“ஒடின்னு குரல் வந்ததும் கால் செகண்ட்ல ஒடிச்சிருக்கார்” என்றது டீச்சரின் குரல். “ரெண்டு மேல தப்பு ஒண்ணும் தெரியல.”

“லேட்டுதான் டீச்சர். நான் சொல்றேன்ல?” என்றார் தலைவர்.

அப்போது மகள் அப்பாவின் நாற்காலிக்குப் பின்னால் வந்து, இரண்டு கையாலும் அவர் கழுத்தை இதமாகப் பிடித்துவிட்டுக்கொண்டே, “எங்கப்பா எப்படிப் பறக்கறாருன்னு நான் பாத்ததே இல்ல. கடைசில ஒரே அடில அடிச்சாராமே, அதைக் காட்டுங்களேன் டீச்சர். அப்பா சீட்லேந்து” என்றாள்.

“அது எதுக்கும்மா, சாப்பாடு ஆறிடும்” என்றார்.

“ரெண்டு நிமிஷம்பா.”

எட்டு வருடத்தில் யாரும் கேட்காததை யாரோ கேட்டுவிட்டார்கள். பிறகு திரை மாறியது. தலைவரின் விமானம், உள்ளே தலைக்கவசம் போட்ட பொம்மை விமானி. தூரத்தில் எதிரி. புகை கிளம்பியது. பொம்மையின் தலை புகையின் பக்கம் சட்டென்று திரும்பியது. சூரியன் முதுகுப்பக்கம் இருந்தது. புகை நகர நகரத் தலையும் கூடவே நகர்ந்தது. ஒரு குழந்தை பட்டம் பார்ப்பதுபோல அவ்வளவு நிதானம். சத்தமே இல்லை. சத்தமே இல்லை. அப்புறம்தான், “ஒடி! ரெண்டு, ஒடி!”

டீச்சர் நிறுத்தினாள். பின்னால் ஓட்டினாள். மறுபடி போட்டாள். கணக்கு டீச்சர் அல்லவா, எண்ணினாள்.

“ஏழு செகண்ட்” என்றாள். “தலை திரும்பியிருக்கு.”

மகளின் கைகள் அவர் கழுத்தின் மேல் அப்படியே நின்றன.

மற்ற மூன்று பேரும் காத்திருந்தார்கள். எதற்குக் காத்திருந்தார்கள் என்று அவருக்கும் தெரியும். அவரே போட்ட சட்டம், இரண்டே சொல். ‘என் தப்பு’ என்று அந்த இடத்தில் சொல்லியிருந்தால், அந்தப் பைத்தியக்கார மாப்பிள்ளை அப்போதே மன்னித்திருப்பான், சத்தியமாகச் சொல்கிறேன். ஆனால் பிடித்த முயலுக்கு மூன்றே கால்.

“ஆமா, பாத்தேன்” என்றார் தலைவர். “வேணும்னுதான் சொல்லல. தலைவரா வரப்போறவன் எவனையும் நம்பக் கூடாது. கத்துக்கணும்னுதான் விட்டேன்.”

மாப்பிள்ளை எழுந்தான். அவன் முகத்தில் கோபத்தைத் தேடினார், கிடைக்கவில்லை. கோபம் இருந்திருந்தால் சமாளித்திருப்பார்.

“கத்துக்கிட்டேன் மாமா” என்றான்.

“ஐம்பதுன்னே எழுதிக்கறேன்” என்றாள் டீச்சர். “அடுத்த வாரத்துலேந்து ரெண்டுதான் தலைவர். டாக்டர், என்ன சொல்றீங்க?”

“நானும் அதேதான்.”

“வேணாம் டீச்சர்” என்றான் மாப்பிள்ளை. “நான் இனிமே பறக்கல. நாற்காலி மாமாகிட்டயே இருக்கட்டும்.” குனிந்து தன் கம்ப்யூட்டரின் ஒயரைப் பிடுங்கினான். தலைவர் தன் ஹெட்செட்டை எடுத்துக் காதில் வைத்துப் பார்த்தார். டீச்சர் போய்விட்டிருந்தாள். “நான் வரேன் சார்” என்று சொல்லிவிட்டு டாக்டரும் போனார். திரையில் படையின் பெயருக்குக் கீழே அவர் ஒருத்தர் மட்டும் இருந்தார்.

சாப்பாடு போட்டார்கள். அதைச் சொல்லத்தான் வேண்டும், ஒரு குறையும் வைக்கவில்லை. “இன்னும் கொஞ்சம் போட்டுக்குங்க மாமா” என்று மாப்பிள்ளை மூன்று தடவை உபசரித்தான். கதாநாயகன் என்று காலையில் சொன்ன வாய்க்குள் ஒவ்வொரு கவளமும் கல்லாக இறங்கியது. மகள் உட்காரவே இல்லை. காலண்டரை ஆணியிலிருந்து கழற்றிச் சுருட்டிக் குப்பைக் கூடையில் செருகினாள்.

சாப்பிட்டதும் மாப்பிள்ளை பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்க் காரில் வைத்தான். “பாத்துப் போங்க மாமா” என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டான். எப்போதும் தெருவுக்கு வருகிறவன் வரவில்லை. அவர் வண்டிக்குள் உட்கார்ந்து, கண்ணாடியில் பார்த்தார். கேட்டைத் திறந்துவிட்டு மகள் தெருவில் நின்றாள். அவருக்கு உயிர் வந்தது. என்ன இருந்தாலும் பெற்ற பெண். கோபம் ரெண்டு நாளில் போய்விடும், வாயில்லாப் பூச்சி அவன், அவனையும் சரிக்கட்டிவிடலாம்.

“பாத்துக்கோம்மா!” என்று குரல் கொடுத்துவிட்டு ரிவர்ஸ் கியரைப் போட்டார்.

வண்டி மெல்லப் பின்னால் நகர்ந்தது. கழுத்து போகிற அளவுக்குத் திருப்பினார். பின்சீட்டு மட்டும்தான் தெரிந்தது. கண்ணாடியில் மகள் கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தாள். அவள் இடது பக்கத் தூணைப் பார்த்தாள். அப்புறம் கண்ணாடிக்குள் அவரை நேருக்கு நேர் பார்த்தாள். இவர் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தார். இப்போது சொல்வாள், ஒடின்னு இதோ சொல்லப்போகிறாள் என்று பிரேக்கில் கால் வைக்காமல் வந்துகொண்டே இருந்தார்.

பின்விளக்கு நொறுங்கியது. தகரம் தூணில் உரசிக் கிழிந்து நின்றது. முதுகு சீட்டில் மோதியது, கழுத்தில் யாரோ கடப்பாரையை இறக்கியது மாதிரி வலி. ஜன்னல் வழியாகக் கையை நீட்டி, “பாத்துட்டுத்தானே நின்னே! ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?” என்று கத்தினார்.

மகள் ஜன்னல் அருகில் வந்தாள். கண்ணாடித் துண்டுகள் அவள் செருப்புக்கு அடியில் நொறுங்கின.

“கத்துக்கணும்னுதான் விட்டேன்பா” என்றாள்.